முச்சந்தி, திருத்தம் நான்கு

கோல கெட்டிலில் பெரிய சாலையை
செம்பனை ஆலைச் சாலை வந்து முட்டும் இடம்,
திரையில் ஒரு கைக்குட்டை அளவு.
இரண்டு நாளாக அதற்குத்தான் இஸ்திரி போடுகிறேன்.
கீழ்மாடியில் பல் மருத்துவர் யார் வாயையோ குடைகிறார்.

புள்ளி இருநூற்றுப் பன்னிரண்டு
தார்ச்சாலை நடுவே பத்தொன்பது சென்டிமீட்டர் மலை எழுப்பியிருந்தது.
மென்பொருளுக்குச் சந்தேகம் வராது.
மூன்று புள்ளி கொடுத்தால் முக்கோணம் கட்டும்,
முக்கோணத்தின்மேல் முக்கோணம் சாத்தி
பூமி என்று நம்பிவிடும்.

ஹஃபிஸைக் கூப்பிட்டேன்.
"காக், அங்கே தண்ணி நின்னுச்சு. சப்பாத்து புதுசு.
ஒரு சிமெண்டுக் கல்லைப் போட்டு
அதுமேல கோலை ஊன்றினேன்."

ஆக,
மலை இருந்த இடத்தில்தான் குழி.

ஜேகேஆர் கோப்பில் அந்தக் குழிக்கு ஒரு பக்கம் உண்டு:
ஈரச் சாலை. இரவு ஏழேகால். ஒரு மோட்டார் சைக்கிள்.
பெயர் மேலே ஷொஹிதுல், கீழே சாகிடுல்.
இடது கணுக்கால்.
குலை வெட்டியவன்
இப்போது தோட்டத்து வாசலில் உட்கார்ந்து
லோரி எண்களை எழுதுகிறான்.

மலையை அழித்தேன்.

சாலைகளுக்கு முதுகு உண்டு, நடுவில் லேசாக உயர்ந்து.
பெரிய சாலை தன் முதுகை விட்டுக்கொடுக்காது.
சின்னதுதான் இருபது மீட்டர் முன்பிருந்தே
கொஞ்சங் கொஞ்சமாகத் தளர வேண்டும்,
இரண்டரை விழுக்காடு, இரண்டு, ஒன்று,
பிறகு பெரியதன் சாய்வில் தன்னைச் சாய்த்துக்கொள்ள வேண்டும்.
(எங்கள் அலுவலகக் கூட்டங்களும் இப்படித்தான்.)
இடையில் ஒரு கணம் பூஜ்யம் வரும். அங்கேதான் கண்டம்.
தட்டையான தார்
தண்ணீருக்கு எந்தத் திசையும் சொல்வதில்லை.

அந்தப் பூஜ்யத்தை நகர்த்தி நகர்த்தி
ஓரக்கல் பக்கம் கொண்டுபோனேன்.
எண்ணெய் டேங்கரின் பின்சக்கரம் கல்லில் ஏறியது.
வளைவைப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து மீட்டராக்கினேன்.
மட்டமெல்லாம் கலைந்தது. மறுபடியும் முதலிலிருந்து.

காரியம் கெட்டால் சந்தி சிரிக்கும் என்பார்கள்.
இந்தச் சந்தி சிரிக்கவில்லை, முகம் சுளித்தது:
சமஉயரக் கோடுகள் ஓரிடத்தில் நெருங்கி
நெற்றிச் சுருக்கமாய் நின்றன.
அரை சென்டிமீட்டர் தூக்கினேன், இன்னொன்று தாழ்த்தினேன்.
வெள்ளி இரவு பத்தரைக்குச் சுருக்கம் அவிழ்ந்தது.
பல் மருத்துவர் எப்போதோ போய்விட்டிருந்தார்.

தார் போட்டு ஒன்பதாம் நாள் மழை,
நாலு மணிக்கே விளக்குப் போட வைக்கும் மழை.
முனையில் பட்டறை வைத்திருக்கும் லிம்முக்குப் போன் செய்தேன்.
"ரோட்டில நிக்குதா?"
"ரோடு கிளியர்லா. தண்ணி எல்லாம் ஓடுது."
"எங்கே?"
"எதிர்ல. தவமலர் தையல் கடைக்கு."

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போனேன்.
தண்ணீர் நான் வரைந்தபடியே வந்திருந்தது,
சாய்வு பிசகாமல், ஒரு விரற்கடைகூட விலகாமல்,
லோங்காங் வாய்வரைக்கும்.
வாயை அடைத்துக்கொண்டு
ஒரு நாசி லெமாக் பெட்டி, வெள்ளை, மூடியோடு.

குனிந்து எடுத்தேன்.
மடக்கென்று குடித்தது லோங்காங்.
வாசலில் சேலைக் கட்டுகளைத் தூக்கிப் பிடித்தபடி
தவமலர் கேட்டாள்,
"நீதானே இந்த ரோடு போட்டது?"

கையில் பெட்டியோடு நின்றேன்.
ஆலைச் சாலையில் ஒரு டேங்கர்
வேகம் குறைத்து, திரும்பி,
கல்லைத் தொடாமல் போனது.
அதை அவள் பார்க்கவில்லை.