தேரிச் சிவப்பு

ஹார்லிக்ஸ் பாட்டிலில் தேரி மண்ணை அடைத்துக்
கடல் தாண்டி அனுப்பினார்
திசையன்விளை ஜெயசிங் அண்ணாச்சி.
"இதே நெறம் வேணும் வே.
ஒரு பொட்டு கூடவும் கூடாது, கொறையவும் கூடாது."

பதினாலு மாதம் கழித்து
தூத்துக்குடியில் வந்து இறங்கியது கார்,
பெட்டிக்குள் ஒரு தேரி.

கூரையின் உட்புறம் முழுக்கக் குட்டி விளக்குகள்.
அவர் பிறந்த ராத்திரி வானமாம்.
அன்றைக்கு ஐப்பசி அடைமழை,
ஒரு வெள்ளிகூடத் தெரியவில்லை என்று
அவர் அம்மை சொன்னது வேறு கதை.

கழுவுகிற சோலி எனக்கு.
தண்ணி லாரி எட்டு நாளைக்கு ஒருக்க வரும் தெருவில்
காலையில் ஆறு குடம், சாயந்தரம் ஆறு.
ஆடிக் காற்றில் வந்து உட்காரும் தூசியும்
அதே நிறம்.
எது பெயிண்ட், எது மண் என்று
கண்ணுக்குப் பிடிபடாது.
விரல் வைத்து இழுத்துப் பார்க்கணும்.

நேற்று இழுத்தேன்.
விரலுக்கடியில் ஒற்றை மணல்.
கோடு விழுந்தது.
துடைத்தேன். போகவில்லை.
இன்னும் துடைத்தேன்.

அண்ணாச்சி வாசலுக்கு வந்தார்,
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினார்.
"நல்லா அழுத்தித் தொடை லே,
மண்ணு இருக்கு பாரு."