காலாவதி

மாதம் பிறந்ததும்
மருந்துப் பெட்டியைத் திறந்து வைத்துத் தேதி பார்ப்போம்.
ஐலா வாசிப்பாள், நான் டிக் அடிப்பேன்.
அட்ரினலின், அக்டோபர்.
நலாக்ஸோன், அடுத்த மார்ச்.
குளுக்கோஸ், நேற்றோடு சரி.
நேற்றோடு சரியானதைத் தூக்கிச்
சிவப்பு வாளியில் போடுவாள்.
நேற்று ராத்திரி வரைக்கும் உயிரைக் காப்பாற்றியிருக்குமே
என்று நான் இழுத்தால்
"சட்டம், டுவெய்ன்" என்பாள்.
அதற்கு மேல் பேச்சில்லை.

இந்தப் பிப்ரவரியில் டுலூத்தின் ஏரி
கண்ணுக்கு எட்டிய மட்டும் உறைந்து கிடந்தது.
ஆம்புலன்ஸ் ஷெட்டின் ஹீட்டர்
இருமிக்கொண்டே இருந்தது.
வாசித்து முடித்தவள் பெட்டியை மூடவில்லை.
"ஐந்நூற்றுப் பதினொன்று" என்றாள்.
"ஏப்ரலோடு சரி."

அது எந்த மருந்து என்று
பட்டியலில் தேடிக்கொண்டிருந்தேன் நான்.

டாக்டர் படிப்புக்கு அவள் எழுதிய நுழைவுத் தேர்வாம்.
உட்கார்ந்தால் ஏழரை மணி நேரம்.
வாங்கிய மதிப்பெண்ணுக்கு மூன்று வருஷம் ஆயுள்.
முதல் வருஷம் பதினாறு கல்லூரிக்கு எழுதினாள்,
பதினாறும் வருந்தின.
இரண்டாம் வருஷம் அவள் தம்பி எய்னோ
பனியில் டிரக்கோடு புரண்டான்.
மூன்றாம் வருஷம்
இருபத்தாறு வயசுக்காரனுக்கு
நடக்கச் சொல்லிக்கொடுத்தாள்.
அதற்கு யாரும் மதிப்பெண் போடவில்லை.

முதல் தடவை எழுதியபோது வந்தது
நானூற்றுத் தொண்ணூற்றேழு.
அது காலாவதி ஆகாதாம்.
செல்லாது, ஆனால் தெரியும்.
விண்ணப்பத்தில் அவள் பெயருக்குக் கீழே
இன்னும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.
நல்லது கெட்டுப்போகும்,
கெட்டது கெடாது.

ஒரு கல்லூரி தேர்வு நாளிலிருந்து எண்ணுகிறது.
ஒன்று சேரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறது.
இன்னொன்று, எங்களுக்கு இரண்டு வருஷம்தான் என்கிறது.
என் எதிரிலேயே போன் போட்டுக் கேட்டாள்.
மறுமுனையில் ஒரு பெண் குரல், இனிமையாகத்தான் பேசியது.
அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.
லேபிளைத் திருப்பித்
தேதியைப் பார்த்தது.
எங்களைப் போலவே.

அப்போது மணி அடித்தது.
ஏரி நடுவில் ஒரு மீன்பிடிக் குடில்,
தூண்டிலோடு சரிந்து கிடந்தார் ஒரு மனிதர்,
உடம்பெல்லாம் வியர்வை, சர்க்கரை இறங்கிவிட்டது.
அந்தக் குளிரில் கையுறையைக் கழற்றி
நரம்பைத் தேடினாள் ஐலா.
என் கண்ணுக்கு நரம்பே தெரியவில்லை.
அவள் விரலுக்குத் தெரிந்தது.
புதுக் குளுக்கோஸ், போன ஞாயிறு வந்த பெட்டி.
நான்கு நிமிஷத்தில் அவர் கண் திறந்தார்.

விதிப்படி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள்:
"ஐயா, இன்னைக்கு என்ன தேதி?"

"தேதி யாருக்கு வேணும்?" என்றார் மனிதர்.
"என் மீன் எங்கே?"

பனித்தரையில் மண்டியிட்டபடி சிரித்தாள் ஐலா.
ரொம்ப நேரம் சிரித்தாள்.
ஸ்ட்ரெச்சரை வைத்துக்கொண்டு
எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் நின்றேன்.
அறிக்கையில் எழுதினாள்:
நோயாளி தெளிவாக இருக்கிறார்.

மே மாதம் ஒரு சனிக்கிழமைக்குப் பணம் கட்டியிருக்கிறாள்.
மறுபடி ஏழரை.
இப்போது அழைப்புக்கும் அழைப்புக்கும் நடுவே
கேள்வி அட்டையை நான் வாசிக்கிறேன்,
அவள் பதில் சொல்கிறாள்.
அமினோ அமிலங்களின் பெயர்கள்
என் வாயில் கல்லாக உருள்கின்றன.
திருத்திக்கொண்டே காபி குடிக்கிறாள்.

பழையதைவிடக் குறைந்து போனால்?
கேட்க நினைத்து
அடுத்த அட்டையை எடுத்தேன்.
அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள்.
குறைந்தால்
அதுவும் கெடாது.