நல்ல தண்ணீர்

சென்றாயன் சார், முதலில் அந்தப் பெட்டியை மூடுங்கள்.
மேட்டூர் அணையில் கட்லாவுக்கு வாங்கிய ரீல்
எங்கள் காற்றிலேயே கறுக்கத் தொடங்கிவிடும்.
கதவுக் கீல், சைக்கிள் செயின், என் தையல் மிஷின்
எல்லாவற்றையும் உப்பு தின்கிறது இங்கே,
அவசரமில்லாமல், மென்று.

முப்பது பவுண்டு பின்னல் நூல் போதும்.
முனையில் ஒரு பாகம் நீளத்துக்குத் தடித்த நரம்பு.
கொடுவாவின் செவுள் ஓரம் சவர பிளேடு;
நரம்பு இல்லாமல் போட்டால்
மீன் போகும், முள் போகும்,
முந்நூறு ரூபாய் போகும்,
நீங்கள் என்னிடம்தான் திரும்பி வருவீர்கள்.
எனக்கு நட்டமில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

முடிச்சை எச்சில் தொட்டு இறுக்குங்கள்.
காய்ந்தபடி இறுகிய முடிச்சு
சின்ன மீனுக்கெல்லாம் பொறுத்திருந்து
பெரிய மீனுக்கு அவிழும்.

உயிர் மடவை கிடைத்தால் அதுவே இரை.
முதுகுத் துடுப்புக்கு முன்னால், தோலோடு குத்துங்கள்.
எலும்பில் பட்டால் நீந்தாது;
நீந்தாத மடவையைக் கொடுவா நம்பாது.
பிளாஸ்டிக் மீனும் இருக்கிறது,
பச்சை முதுகு, வெள்ளி வயிறு, நானூற்றைம்பது.
இதுவரை அதைக் கடித்தவர்கள் எல்லாம்
பேன்ட் போட்டவர்கள்.

வள்ளம் வேண்டாம்.
ஆற்றங்கரை முகத்துவாரத்தில் மணல்மேடு
மாதத்துக்கு ஒரு பக்கம் புரண்டு படுக்கும்,
எஞ்சின் விசிறிக்கு அது முன்கூட்டிச் சொல்லாது.
தெர்மாக்கோல் மிதவை அரை நாள் இருநூறு.
அதில் எழுந்து நிற்காதீர்கள்,
அணையில் நின்ற பழக்கம்
உங்கள் கால்களுக்கு இருக்கும்.
இறங்கினால் பாதத்தைத் தூக்காமல் தேய்த்து நடங்கள்;
தேய்ப்புச் சத்தம் கேட்டால் திருக்கை
தானாக வழிவிடும்.

வெள்ளம் ஏறி நின்று
வற்றம் பிடிக்கும் அந்த அரை மணிதான் நேரம்.
டார்ச்சைத் தாழ்த்தி, ஒரே ஒரு தரம்.
தண்ணீருக்குள் இரண்டு கங்கு எரிந்தால்
உடனே அணைத்துவிடுங்கள்.
பார்க்கப்பட்டதை அதுவும் பார்த்திருக்கும்.

இடமா?
இடிந்த ஐஸ் பிளாண்ட் சுவருக்கு நேர் கிழக்கே,
ஒற்றைப் பனை சுவரில் மறையும் வரை போங்கள்.

முடிந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.
குழாயில் கழுவிக்கொள்கிறேன் என்கிறீர்கள்.
குழாயில் வருவது கடலுக்குத் தம்பி, சார்.
நல்ல தண்ணீர் குடம் பதினைந்து ரூபாய்,
செவ்வாயும் வெள்ளியும் லாரி வரும்,
வந்தால் வரும்.
அணை நிறைய வைத்துக்கொண்டு
மீன் மட்டும் தேடிய ஊர்க்காரர் நீங்கள்,
உங்களுக்கு இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது:
ஒரு சொம்பு. அதற்கு மேல் வேண்டாம்.
அதில் ரீல், அதிலேயே நூல், அதிலேயே முள்.
மிச்சத்தைச் செடிக்கு ஊற்றாதீர்கள்,
அது இனி தண்ணீர் இல்லை.

*

அவர் போன பிறகு பாக்கிச் சில்லறையை எண்ணினேன்.
அந்த ஐஸ் பிளாண்ட் இடத்தைத்தான்
வெளியூர்க்காரர் எல்லோருக்கும் சொல்வேன்.
என் தம்பி லெப்பைக்கனியின் வலை அங்கே இல்லை.
வலை இல்லாத இடத்தில் மீனும் இல்லை என்பது
எங்கள் வீட்டுக் கணக்கு.

வியாழன், நான் ஷட்டரைத் தூக்கும்போது
வாசலில் ஈரச் சாக்கு.
பக்கத்தில் முழங்கால் வரை சேற்றோடு அவர்.
இரால் தராசில் பிடிக்கவில்லை,
மூட்டை தராசில் போட்டோம்:
நாலு கிலோ இருநூறு.
பகலிலும் அதன் கண்ணில்
கொஞ்சம் வெளிச்சம் பாக்கி இருந்தது.

நீங்கள் சொன்ன இடம்தான், அக்கா, என்றார்.
பனை மறைந்ததும் போட்டேன், என்றார்.
என் முகத்தில் எதைக் கண்டாரோ,
விலை பேசவில்லை.
ரீலை நீட்டி
ஒரு சொம்பு நல்ல தண்ணீர் கேட்டார்.

லாரி வராத வாரம்.
கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

லெப்பைக்கனியிடம் இன்னும் சொல்லவில்லை.