பக்கம் 212

ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டது.
கருத்தில் பிழை என்று அல்ல,
கருத்து வரைக்கும் யாரும் போகவேயில்லை.
ஆண்டு அடைப்புக்குறிக்குள் இல்லையாம்.
இதழின் பெயர் சாய்ந்திருக்கவில்லையாம்.
தொகுதி எண் தடித்திருக்க வேண்டுமாம்.

அக்குரெய்ரியில் ஜனவரி.
பதினொரு மணிக்கு வந்த பகல்
மூன்றரைக்குக் கிளம்பிப் போயாயிற்று.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
ஐம்பத்தெட்டு மேற்கோளுக்கும்
காற்புள்ளி பார்க்கிறேன்.

குடும்பப்பெயர் முன்னால் வர வேண்டும், இது விதி.
ஐஸ்லாந்தில் எங்களுக்கு ஏது குடும்பப்பெயர்?
நான் ஸ்டெய்ன்வோர். அப்பா தோர்பெர்குர்.
பட்டியலில் அப்பா முழுசாக முன்னே நிற்கிறார்,
'மகள்' என்று ஒரு வால்,
அதற்கும் பின்னால் ஒற்றை எழுத்தாக நான்.
அவருடைய முதலெழுத்தை மென்பொருள் தின்றுவிட்டு
ஒரு கேள்விக்குறியைத் துப்பியிருக்கிறது.
ஆயுள் முழுக்கப் படகு எஞ்சின் பழுது பார்த்தவர்.
இப்போது கனடாவில் யாரோ அவரோடு
கல்பாசி பற்றி வாதம் செய்கிறார்கள்.

ஆசிரியர் இருவருக்கு நடுவே 'மற்றும்' கூடாது.
பிராந்துரும் நானும் எழுதிய இருபத்தொன்றில்
அதையும் எடுத்தேன்.
மற்ற இடங்களில் முன்பே எடுத்தாயிற்று.

ஆறு பேருக்கு மேல் போனால் 'பிறர்'.
மூன்று கோடையும் கூடாரம் சுமந்த எய்தீஸ்
ஏழாவது ஆள்.

முப்பத்தேழில் சிக்கிக்கொண்டேன்.
ஹால்வார்துர், 1938. கல்பாசி வளரும் வேகம்
ஆண்டுக்கு 0.44 மில்லிமீட்டர். பக்கம் 212.
பனியாறு எப்போது பின்வாங்கியது என்று
நான் எழுதிய பதினாறு பக்கமும்
இந்தச் சுண்டைக்காய் எண்ணின் மேல்தான்
கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது.
பதிப்பித்த ஊர் எது என்று கேட்கிறது விதி.
தெரியாது.
பெர்கன்காரர் கனடாக்காரரிடமிருந்து எடுத்திருக்கிறார்.
கனடாக்காரர் என் பழைய கட்டுரையிலிருந்து.
நான் யாரிடமிருந்து எடுத்தேன் என்று தேடிப்போனால்
பெர்கன்காரர் வந்து கதவைத் திறக்கிறார்.

காலையில் நூலகம்.
உல்ஃப்ஹில்துர் பனிச்சப்பாத்தைக் கழற்றாமலே
அடித்தளத்துக்கு இறங்கி, தும்மியபடி ஏறி வந்தாள்.
கையில் ஒரு சிறு நூல். மொத்தமே நாற்பத்தெட்டுப் பக்கம்.
அட்டை மூலையில் பென்சிலால் 212.
"அது எங்கள் அலமாரி எண்," என்றாள்.

முன்னுரையில் அந்த 0.44 இருக்கிறது.
அதற்கப்பால் தாள்கள் வெட்டப்படவே இல்லை,
மடிப்பு மடிப்பாக, எண்பது வருஷத்துக்கு மேல்.
உல்ஃப்ஹில்துர் தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து
வெண்ணெய்க் கத்தியைத் துடைத்துக் கொடுத்தாள்.
நான்காவது மடிப்பு பிரிந்தது.

'ஒரே ஒரு கல்லறைக் கல்லை அளந்தேன்.
மற்றவற்றை அளக்குமுன் பனி கொட்டிவிட்டது.
அடுத்த கோடையில் வந்து முடிக்கிறேன்.'

அந்த மனிதருக்கு அடுத்த நூல் எதுவும்
எந்தப் பட்டியலிலும் இல்லை.
அடிக்குறிப்பில் மட்டும்
அந்தக் கல்லில் இருந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார்:
சால்வோர், 1861.
பெயர், காற்புள்ளி, ஆண்டு.
நேற்றெல்லாம் நான் செய்துகொண்டிருந்ததை
யாரோ ஒரு கல்தச்சன் ஒரே தடவையில் செய்து முடித்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்து 212-ஐ அழித்து 9 என்று திருத்தினேன்.
வெண்ணெய்க் கறை பட்ட பக்கம்.
பதிப்பித்த ஊரையும் சேர்த்தேன்.
இப்போது மேற்கோள் சுத்தமாக இருக்கிறது.
அதைத் தாங்கி நின்ற கட்டுரைதான் இல்லை.

கெடு வெள்ளிக்கிழமை.
ஆசிரியர் குழுவுக்கு இரண்டு வரி எழுதினேன், வடிவம் பார்க்காமல்.
பிறகு எய்தீஸுக்கு:
மே கடைசியில் அந்த இடுகாட்டில் பனி விலகும்.
மீதிக் கற்கள் எத்தனை என்று தெரியவில்லை.
கூடாரம் இன்னும் வைத்திருக்கிறாயா?
இந்த முறை இரண்டே பெயர்தான்.