எந்த இடம்?

கைக்கடிகாரக் கண்ணாடியில் கீறல் பார்ப்பது என் வேலை.
பீல் நகரம், தொழிற்சாலையின் இரண்டாம் மாடி,
வலக் கண்ணில் பூதக்கண்ணாடி, இடக் கண் மூடியபடி
ஒரு நாளைக்கு நானூறு.
முடியைவிட மெல்லிய கோடென்றாலும்
சிவப்புத் தட்டில் போட்டுவிடுவேன்.
பதினோரு வருஷம். ஒன்றும் தப்பியதில்லை.

என் நெற்றியில் விழுந்ததை மட்டும்
பக்கத்து மேசை வியோல்சாதான் முதலில் கண்டாள்.
"எங்கேயோ இடித்திருக்கிறாய்" என்றாள்.
இடிக்கவில்லை.
வகிட்டோரத்திலிருந்து இடப் புருவம் வரை
ஊதா விளிம்போடு ஒரு தடம்,
பிறகு நடுவில் மெழுகு வெளுப்பு,
பிறகு பள்ளம்.
விரலை வைத்தால் எலும்பு உடனே தட்டுப்பட்டது.
அந்த வழியில் முடியும் முளைக்க மறுத்தது.

கலியாண மண்டபத்தில் வடைத் தட்டோடு
ஒரு அம்மா குனிந்து கேட்டா:
"எந்த இடம், பிள்ளை?"
நான் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன்.
அவ கேட்டது அதில்லை.
"மாத்தளனோ, முள்ளிவாய்க்காலோ?"
நான் வாய் திறக்க முதல் அவவுக்குக் கண் கலங்கிவிட்டது.
யாரோ எழும்பிக் கதிரை தந்தார்கள்.
நான் இருந்தேன்.
அதுதான் பிழை.

அடுத்த மே மாதம் சுடரேற்ற என்னைக் கூப்பிட்டார்கள்.
நான் வந்தது தொண்ணூற்றெட்டில்,
விமானத்தில், ஒரு சிராய்ப்பும் இல்லாமல்.
தொடைக்குள் இரும்புத்துண்டோடு வந்தவன் தம்பி,
பன்னிரண்டு வருஷம் பிந்தி.
ஆடி வெயிலில் ஏரிக்கரையிலும்
அவன் நீளக் காற்சட்டைதான்.
அவனை ஒருத்தரும் எந்த இடம் என்று கேட்டதில்லை.

டொக்டர் ஏபிஷர் தன் பூதக்கண்ணாடியை
என் நெற்றியில் வைத்தார்.
இரண்டு பேருக்கும் ஒரே தொழில்.
"பிரெஞ்சில் இதற்கு வாள்வீச்சு என்று பெயர்" என்றார்,
பெயர் வைத்தவருக்காக வெட்கப்படுகிறவர்போல.
வீசினது ஆர் என்று கேட்டேன்.
"உங்கள் உடம்பின் காவல்காரர்கள்தான்.
உங்கள் தோலையே பகை என்று நினைத்துவிட்டார்கள்.
ஏன் என்று எங்களுக்கு இன்னும் தெரியாது."
ஒரு டொக்டர் தெரியாது என்று சொல்லி
அன்றைக்குத்தான் கேட்டேன். நிம்மதியாக இருந்தது.
தொற்றாது. தின்றதாலும் வரவில்லை.
மேலே பரவாமல் மறிக்கப் பார்க்கலாம்.
தடம் போகாது.

திங்கள் இரவு மட்டும் ஆறு மஞ்சள் குளிசை.
கிழமைக்கு ஒருக்கால்தான், தினமும் போட்டால் ஆளையே கொண்டுபோகும் என்று
தம்பி சிவப்பு மையால் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினான்.
செவ்வாய் முழுக்கத் தாளிக்கிற மணமே வயிற்றைப் பிரட்டும்.
புதன், அந்தக் குளிசையின் கொடுமை தணிக்க இன்னொரு குளிசை.
ஈரலின் நலம் விசாரிக்க மாதாமாதம் இரத்தம்.
பேர்னுக்கு ரயில், கிழமையில் மூன்று நாள்,
கண்ணுக்குக் கறுப்பு மூடி,
நீல வெளிச்சப் பெட்டிக்குள்
முட்டை பொரிக்கிற சூட்டில் நிற்பேன்.
வெளியில் தம்பி, என் குளிர்க்கோட்டு அவன் மடியில்.

ஒன்றரை வருஷத்தின் பின் அளந்தார்:
ஆறு தசம் இரண்டு சென்டிமீட்டர்.
போன முறையும் அதே.
ஊதா விளிம்பைக் காணோம்.
"தூங்குகிறது" என்றார். செத்தது என்று சொல்லவில்லை.
வேண்டுமானால் கொழுப்பெடுத்துப் பள்ளத்தை நிரப்பலாம், பிறகு.
பிறகு பார்ப்போம் என்றேன்.
பொட்டை ஒரு நூல் தள்ளி வைக்கப் பழகியிருந்தேன்.

போன சனி ஒரு பிறந்தநாள் வீடு.
புது மனிசர் ஒருவர், கதிரையை நகர்த்தித் தந்து,
குரலைத் தாழ்த்தி,
"எந்த இடம், தங்கச்சி?"
"பீல்" என்றேன்.
"குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால். தை மாதம்.
ஆரும் வெட்டேல்லை அண்ணை, இது வருத்தம்."
அவருக்கு என்ன செய்வதென்று விளங்கவில்லை.
தந்த கதிரையைத் திருப்பிக் கேட்கவும் ஏலாது.
எதிரில் தம்பி தேத்தண்ணியைச் சிந்தி
சிந்தினதைத் துடைக்காமல் சிரித்தான்.
பிறகு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி,
கால் நோகுது அக்கா என்றான்.
நான் எழும்பினேன்.