ஏர்வாடி பதினொன்று

பத்மநேரி தாண்டும்வரை
மலைமேல்தான் பெய்துகொண்டிருந்தது.
நமக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதுபோல
துரை முன்னால் விசிலடித்துக்கொண்டு போனார்.
அவர் பின்னிருக்கையில் ஜெரோம்,
ஹெல்மெட் ஒருபக்கம் சாய்ந்து, பாதித் தூக்கத்தில்.
அடுத்து எப்சிபா.
கடைசியில் நான்,
ஸ்டவ், சட்டி, நாலு பேர் அழுக்குத்துணி.

களக்காட்டில் நின்றிருக்கலாம்.
சொன்னேன்.
"அஞ்சு நிமிஷ மழை" என்றார்.
ஐந்து நாளாக இந்த அஞ்சு நிமிஷத்தோடுதான்
குடித்தனம் நடத்துகிறேன்.
அஞ்சு நிமிஷத்தில் கோவில்பட்டி.
அஞ்சு நிமிஷத்தில் சாப்பாடு.
முழங்கால் அஞ்சு நிமிஷத்தில் சரியாகிவிடும்.

வாழைத்தோட்டம்தான் முதலில் அறிந்தது.
அத்தனை இலையும் ஒரே நேரத்தில் புரண்டு
வெளுத்த அடிப்பக்கத்தைக் காட்டின.
பிறகு சத்தம்,
தகரத்தில் பயறு கொட்டுகிற சத்தம்,
வயல் வயலாக நடந்து வந்து
எங்கள்மேல் ஏறிப் போயிற்று.

ஏர்வாடி 11 என்ற கல்லுக்கு எதிரே நிழற்குடை.
உள்ளே ஏற்கெனவே இருபது வெள்ளாடு.
நகர்ந்து இடம் விட்டன.
ஒன்று மட்டும் விடாமல்
எப்சியின் மழைச்சட்டை நாடாவை மென்றது.
துரை சட்டைப்பையிலிருந்து
மூன்று நிற மையில் எழுதிய பயணத் திட்டத்தை எடுத்தார்.
வள்ளியூர் கரைந்து நீலமாகப்
பணகுடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
சுவரில் சாய்ந்து
வலதுகாலைத் தரையில் படாமல் வைத்திருந்தார்.
நான் கேட்கவில்லை.
நேற்றுச் சாயங்காலத்திலிருந்து
எங்கள் பேச்சு ஜெரோம் வழியாகத்தான்:
"அப்பாட்ட சொல்லு, பம்ப் என்கிட்ட இல்ல."

ஏத்தன் தார் ஏற்றிய லோடு ஆட்டோ நின்றது.
"எங்கன போறிய இந்த மழைல?"
"கன்னியாகுமரி."
"சைக்கிள்லயா? வேண்டுதலா?"
"இல்ல, லீவு."
"நல்லா எடுத்திய லீவு" என்று இறங்கி
தார்களை நகர்த்திப் பார்த்தார்.
ஒரு சைக்கிள், மூட்டை, ரெண்டு ஆள்.
அதுக்கு மேலே தாங்காது.

யார் என்று கேட்கும் முன்பே
எப்சி ஹெல்மெட் வாரை இழுத்துவிட்டிருந்தாள்.
வீட்டில் அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும் பன்னிரண்டு வயசு,
"நானும் அம்மாவும் மிதிச்சே வாரோம்" என்கிறது.
துரை வாயைத் திறந்தார். முழங்காலைப் பார்த்தார்.
மகனை மடியில் இடுக்கிக்கொண்டு
ஏலத்துக்குப் போகிற தார்களுக்கு நடுவே
தானும் ஒரு தாராக உட்கார்ந்தார்.
வண்டி நகர்ந்த பிறகு கத்தினார்:
"பிரேக் நனைஞ்சிருக்கும், மெதுவா வா!"
அது ஜெரோம் வழியாக வரவில்லை.

கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டேன்.
எப்சியின் சிவப்பு விளக்கு அணைந்து எரிவது மட்டும் தெரிந்தது.
அவள் பின்சக்கரம் வாரியிறைத்த செம்மண்
என் பல்லில் நறநறத்தது.
ஒரு பாலத்தில் நின்றாள்.
கீழே ஓடை டீ நிறத்தில்,
யாருடையதோ ஒற்றைச் செருப்பை இழுத்துக்கொண்டு போனது.
பயந்துவிட்டாளோ என்று பார்த்தேன்.

"நீ ஏம்மா எப்பவும் கடைசில வார?"

"யாராவது விழுந்தா பாக்கணும்லா."

கொஞ்சம் யோசித்தாள்.
மூக்கு நுனியிலிருந்து மழை சொட்டியது.
"இப்ப நான் பாக்குறேன். நீ போ."

முன்னால் யார் முதுகும் இல்லை.
எத்தனை ஊர் கடந்தோம் இந்த ஐந்து நாளில்,
துரையின் பனியன் ஈரம், ஜெரோமின் தொங்கும் கை,
எப்சியின் சடை.
இதைத்தான் பார்த்து வந்திருக்கிறேன்.
ரோடு இவ்வளவு அகலம் என்று
யாரும் சொல்லவில்லை.
இரண்டு பக்கமும் நெல் தண்ணீருக்குள் நின்றது.
எதிரே வந்த பஸ் ஒரு வாளி நீரை முகத்தில் அடித்தது.
சிரித்தேன் போலிருக்கிறது,
பின்னாலிருந்து "என்னம்மா?" என்று சத்தம்.

ஏர்வாடியில்
டீக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே
துரை நொண்டிக்கொண்டு முன்னால் வந்து கையாட்டினார்.
ஜெரோம் வாயில் பழம்.
நன்றாகத் தெரிந்தது.
ஒரு பர்லாங் தாண்டித்தான் நிறுத்தினேன்.
பிரேக் நனைந்திருந்தது என்று
எல்லாரிடமும் சொன்னேன்.