பெயர் (விரும்பினால்)

கழிவறைக் கதவின் உட்புறம்
கண்மட்டத்தில் ஒட்டியிருக்கிறார்கள்:
ஒரு சதுரம், உள்ளே எறும்புக் கூட்டம்போல் கறுப்புப் புள்ளிகள்.
போனைக் காட்டினால் படிவம் திறக்கும்.
'நீங்கள் யாரென்று எங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.'

டர்பன், ஃபுளோரிடா ரோடு. வெள்ளி இரவு கழிந்து
சனி விடியாத நேரம்.
சுவருக்கு அந்தப்பக்கம் பேஸ் அடிக்கிறது;
தண்ணீர்த் தொட்டியின் மூடி அதற்கேற்ப நடுங்குகிறது.
உட்கார்ந்து தட்டுகிறேன்.

ஏழாம் மேசை. பதினொன்றே முக்கால்.
நீலக் கோடு போட்ட சட்டை, கல்யாண மோதிரம்,
வாயில் புதினா மிட்டாய் வாசம்.
பில் வைக்கக் குனிந்தபோது
அந்தச் சொல்லுக்கு விரல் போகவில்லை.
'தொட்டார்' என்று எழுதினேன்.
இந்நேரத்திலும் மரியாதை விகுதி!
எனக்கே சிரிப்பு வந்தது.
'தொட்டான்' என்று திருத்தினேன்.

பிறகு கணக்குப் போட்டேன்.
வெள்ளிக்கிழமை ஏழாம் மேசைக்கு நான்தான்.
அழித்தேன்.
பதினொன்றே முக்காலுக்கு ரொச்செல் சிகரெட்டுக்குப் போயிருந்தாள்,
நொம்பூசோ மாடியில்.
அழித்தேன்.
குனிந்தாள் என்றால் உயரமானவள்;
இங்கே உயரம் நான் ஒருத்தி.
அழித்தேன், அழித்தேன்.

அவன் பெயர் என்னவோ முன்பதிவு நோட்டில்
வாரந்தோறும் பெரிய எழுத்தில் இருக்கிறது,
பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியோடு.

மிச்சம் நின்றது ஒரே வரி:
'ஓர் இரவு, ஓர் ஆள், ஒருத்தியை.'
இது புகாரா?
வாரபலன் மாதிரி எந்த ராசிக்கும் பொருந்தும்.
அதையே அனுப்பினேன்.
'நன்றி' என்றது திரை, பச்சை டிக் போட்டு.

வீட்டுக்குப் போகும் வண்டி. ஹிகின்சன் நெடுஞ்சாலையில் மழை.
ஷூவுக்குள் மடித்த நூறு ராண்ட்.
அவன் வைத்த டிப்ஸ்தான்.
அதைப் படிவத்தில் சொல்லவில்லை.
சாட்ஸ்வொர்த்தில் இறங்கி
அதில் பாலும் ரொட்டியும் வாங்கினேன்.

செவ்வாய்க்கிழமை. நாற்காலிகள் மேசைமேல்
கால்தூக்கிக் கிடக்க,
மேனேஜர் தயாளன் நாயுடு எங்களை வரிசையாக நிறுத்தினார்.
ஒரு காகிதத்தை வாசித்தார்,
யார் முகத்தையும் பாராமலிருக்க ரொம்பக் கஷ்டப்பட்டு.
என் ஒற்றை வரிக்காகக் காத்திருந்தேன்.
வந்தது வேறு.

'நீலக் கோட்டுச் சட்டை. கிடங்குக்குப் போகிற வழி.
வாயில் புதினா வாசம். கையை விடவில்லை.
இது மூன்றாவது தடவை.'

புதினா.
நான் அழித்த புதினா.

ரொச்செல் நகத்தைப் பார்த்தாள்.
நொம்பூசோ ஜன்னலை.
கிளாஸ் கழுவுகிற சியாண்டா, பத்தொன்பது வயது,
ஏற்கெனவே உலர்ந்த கிளாஸைத்
துடைத்துக்கொண்டே இருந்தான்.
கிடங்குக்குப் போகிற வழி...
என் மூளை ஒவ்வொருவராக எடைபோடத் தொடங்கியது,
நாயுடுவின் மூளை மாதிரியே.
நிறுத்தினேன்.
யாரோ இரண்டு கையாலும் பொத்தி வைத்திருக்கிறார்கள்;
விரலைப் பிரித்துப் பார்க்க நான் யார்?
தரையைப் பார்த்தேன். ஒரு எலுமிச்சை விதை.

'வேறு யாருக்காவது இப்படி?' என்று கேட்டார்.
ஐஸ் மெஷின் மட்டும்
வயிற்றுக்குள்ளிருந்து எதையோ தடாலென்று கொட்டியது.
யாரும் சிரிக்கவில்லை.

இரவு. அதே கதவு, அதே சதுரம்.
ஓரத்தில் யாரோ கிழிக்கப் பார்த்திருக்கிறார்கள்,
வேறு யாரோ செலோடேப்பால் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள்.
ஏழாம் மேசை என்று தொடங்கினேன்.
பதினொன்றே முக்கால். பில். குனிந்தபோது.
மோதிரம். புதினா.
நூறு ராண்டும், பாலும் ரொட்டியும்கூட.
தொட்டான்.

பெயர் (விரும்பினால்) என்ற கட்டத்தில்
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
விரும்பவில்லை.
அனுப்பினேன்.